நிறுத்தச் சொன்னால்தான் குறைப்பார்கள்

எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. ‘தேங்காயின் நன்மைகள்’ என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பச்சை டிக் குறிகள். எலும்புக்கு நல்லது, மூளைக்கு நல்லது, முடிக்கு நல்லது, தைராய்டுக்கு நல்லது. எதற்காவது ஆகாது என்று ஒரு வரி கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே குழுவில் தேங்காய் இதயத்துக்கு விஷம் என்று ஒரு செய்தி வந்தது. அதற்குக் கைகூப்பிப் படம் போட்ட அதே அம்மாக்கள்தான் இதற்கும் கைகூப்பியிருந்தார்கள்.

வழக்கமாக இப்படி ஏதாவது வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வார்டு நர்சாக நின்று முதுகு போன பிறகு, உணவு ஆலோசனை அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. தேங்காய் அமுதமும் இல்லை, விஷமும் இல்லை என்று தொடங்கி நீட்டி எழுதிப் போடுவேன். வாந்தி பேதி வந்தவருக்கு இளநீர் நல்லது, ஆனால் கிட்னி கெட்டவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தேங்காயில் நார்ச்சத்து உண்டு, கொழுப்பும் உண்டு, இதய நோயாளி அளவாகச் சேர்க்க வேண்டும். வறண்ட தோலுக்கு எண்ணெய் தடவலாம். எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தத் தடவை ‘அளவாக’ என்று தட்டும்போதே கை நின்றுவிட்டது. அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ‘அளவாக’ என்ற சொல்லை என் கணவரிடம் நான் ஒன்பது வருஷம் சொல்லவே இல்லை.

ஆலோசனை அறையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, தானாக வந்தது. டாக்டர் சீட்டில் ‘கம்மி பண்ணவும்’ என்று இருந்தால், நாங்கள் நோயாளியிடம் ‘நிறுத்திடுங்க’ என்போம். ஏனென்றால் கம்மி பண்ணச் சொன்னால் ஒருவரும் கம்மி பண்ண மாட்டார்கள். அடுத்த மாதம் வந்து, ‘கம்மியாத்தான் சிஸ்டர் சாப்ட்றேன்’ என்று சிரிப்பார்கள். சர்க்கரை மட்டும் ஏறியிருக்கும். நிறுத்தச் சொன்னால், திருட்டுத்தனமாகச் சாப்பிட்டாலும் பயந்து பயந்து கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். நாம் கேட்டது அந்தக் கொஞ்சம்தானே. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. பேரம் பேசுகிற ஊரில் விலையை ஏற்றிச் சொல்வது போலத்தான். இதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சேர்ந்த புதிதில் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம், பிறகு தோலுக்கு மெருகு ஏற்றுகிற ஃபினிஷிங்கில் சூப்பர்வைசர். சுண்ணாம்பில் வேலை செய்த கை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். அதனால் காலையில் கிளம்பும்போது உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டுவரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். ஃபினிஷிங்குக்குப் போன பிறகு அதற்குத் தேவையே இல்லை, ஆனாலும் விடவில்லை. ‘வேலைக்குப் போற கைக்கு எண்ணெ வெக்கணும்’ என்பார். கதவுப்பிடி, குடைக்காம்பு, பைபிள் அட்டை, அவர் தொட்ட எதிலும் அந்த வாசம் இருக்கும். நான் திட்டிக்கொண்டே துடைப்பேன்.

அவர் நாட்றம்பள்ளிக்காரர். அவருடைய அண்ணன் தோப்பிலிருந்து எங்களுக்கு மூட்டையாகத் தேங்காய் வரும். நான் வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தேங்காய் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத்தான். அவருக்கோ காலையில் சட்னி, மதியம் பொரியலில் தூவல், சாயங்காலம் வெல்லத்தோடு இரண்டு பத்தை. நான் துருவும்போது பக்கத்தில் வந்து நின்று, வேறு எதையோ பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கரண்டிக்காம்பால் கையில் ஒன்று வைப்பேன். ஐம்பது வயசுக்கு மேலும் அது தினமும் நடந்தது.

ஐம்பத்திரண்டில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். டிஸ்சார்ஜ் அன்று அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “எண்ணெய், மட்டன், தேங்காய், எல்லாத்தையும் கம்மி பண்ணுங்கம்மா. எதையும் சுத்தமா நிறுத்தணும்னு இல்ல. வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் தேங்காய் சேத்தா ஒண்ணும் ஆயிடாது.” நானும் அதே துறை என்பதால் தலையாட்டிக்கொண்டேன்.

காரில் ஊருக்குத் திரும்பினோம். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தவர், “இன்னா சொன்னாரு?” என்றார்.

எனக்கு அப்போது பயம் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்று நாள் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தவள். வாயில் வந்துவிட்டது. “தேங்கா கூடவே கூடாதாம்.”

“சட்னியிலகூடவா?”

“சட்னியிலகூட.”

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியது. பிறகு, “மட்டன்?” என்றார்.

“மட்டன் கம்மி பண்ணணுமாம்.”

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுத வேண்டும். பிரியாணி எனக்கு உயிர். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது வேண்டும். தேங்காய் இல்லாவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் பிடித்ததைக் கம்மி என்றேன், அவருக்குப் பிடித்ததைக் கூடாது என்றேன். அன்றைக்கு இதை நான் யோசித்துச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணலாம். யோசிக்காமல் வந்ததுதான் நம்முடைய உண்மையான குணமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

அவர் திருடிச் சாப்பிடுவார் என்று காத்திருந்தேன். எல்லோரும் அதைத்தானே செய்வார்கள். அவர் திருடியதும் கண்டுபிடித்து, இரண்டு திட்டு திட்டி, ‘சரி போ, வாரத்துக்கு ரெண்டு நாள்’ என்று இறங்கி வருவதாக என் கணக்கு. அதற்காக ஒரு வேலைகூடச் செய்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததுபோக அரைமூடித் தேங்காயை ஃப்ரிட்ஜில் கண்ணுக்குத் தெரிகிற தட்டில் வைத்தேன். தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது அவர் கண்ணில் படும். ஒரு வாரம் ஆயிற்று. மஞ்சள் பூத்து வழவழவென்று ஆன பிறகு அவரே வெளியே எடுத்து, “இத எதுக்கு வெச்சிருக்கே? வீணாப் போச்சு பார்” என்று குப்பையில் போட்டார். ஓரத்தில்கூட ஒரு கீறல் இல்லை.

மறுநாள் ஆலோசனை அறையில் இதை நான் பெருமையாகச் சொன்னேன். எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த டயட்டீஷியன் பெண், சின்ன வயசு, சிரிக்கவில்லை.

“அப்ப அவர்கிட்ட உண்மையச் சொல்லிடலாமேக்கா. நிறுத்துன்னா நிறுத்தற ஆளுக்குக் கம்மி பண்ணுன்னு சொன்னாலே போதுமே.”

“ஒரு மாசம் போகட்டும்மா,” என்றேன்.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முப்பது வருஷமாகத் தொழிற்சாலையில் ‘இங்கே நிற்காதே’ என்று போர்டு இருந்தால் நிற்காத மனுஷன் அவர். ஷிஃப்டுக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனவர் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய் நான் விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, பேரம் பேச வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் பேரமே பேசாமல் கொடுத்துவிட்டார்.

ஒரு மாசம் மூன்று மாசமாயிற்று. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. நடை, மாத்திரை, தேங்காய், எது காரணம் என்று யார் கண்டது? ஆனால் அவர் முடிவு கட்டிவிட்டார். “பாத்தியா, தேங்காய விட்டதும் எப்டி எறங்கிடுச்சு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கல்யாணப் பந்தியில் பொரியலில் இருக்கும் தேங்காய்த் துருவலை அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்குவார். யாராவது கேட்டால் என்னைக் காட்டுவார். “வீட்லயே ஆஸ்பத்திரி இருக்கு. ஏமாத்த முடியாது.” எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அதன் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால், முதலில் சொன்னது பொய் என்றாகும். அவரிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை, குறைந்தபட்சம் அவர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதைவிட வீட்டில் தேங்காய் இல்லாமல் போவது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன். நாட்றம்பள்ளியிலிருந்து மூட்டை வந்தால் தெருவுக்குப் பங்கு போட்டேன். பொட்டுக்கடலைச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி, தேங்காய் அரைக்காத குருமா என்று எங்கள் வீட்டுச் சமையல் மாறியது. கரண்டிக்காம்பால் அடிக்க அடுப்படிக்கு யாரும் வரவில்லை. எனக்கும் அது பழகிவிட்டது.

அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஸ்டென்ட் வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. செக்கப்புக்காக வேலூர் போய், இ.சி.ஜி. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

“கிறிஸ்மஸ் அன்னிக்கு ஆப்பம் சுடுவேல்ல?”

“சுடுவேன்.”

“தேங்காப்பால் ஊத்தி ரெண்டே ரெண்டு. டாக்டர ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். வருஷத்துக்கு ஒரு நாள் தானே.”

குரலில் அப்படி ஒரு தயக்கம். மேலதிகாரியிடம் லீவு கேட்கிற மாதிரி. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். டாக்டர் அறைக்குள் ரிப்போர்ட்டோடு நான் மட்டும் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது. விடை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இப்போது போய்ச் சாப்பிடலாம் என்றால், ‘எப்போதிலிருந்து?’ என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

“கேட்டேன். வேணான்னுட்டாரு.”

“சரி, உடு” என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில் பசும்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி ஊற்றினேன். இரண்டு ஆப்பம் சாப்பிட்டார். “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். அது தெரிந்தும் நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அறுபது தாண்டியும் கம்பெனியில் அவரை விடவில்லை. தை மாசக் கடைசியில் ஒரு காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பிக் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒரு மாதிரி இருக்கு” என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் நர்ஸ். செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். அவர் கை என் கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

தேங்காய் சாப்பிட்டிருந்தால் முன்னாலேயே போயிருப்பாரா, சாப்பிடாததால் ஒன்பது வருஷம் கிடைத்ததா என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இதைச் சொல்வார்கள் என்று தெரியும். ஆனால் என் பிரச்சினை அது இல்லை. டாக்டர் அவருக்குக் கொடுத்ததை நான் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ரம்ஜான் நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, அவருடைய நண்பர் வந்தார். ஃபினிஷிங்கில் இருபது வருஷம் அவரோடு ஒரே டேபிளில் நின்றவர். இருவரும் ஒருவரை ஒருவர் தோஸ்த் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் பாபி. லாக்கரில் இருந்த இவருடைய சாமான்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டீயைக் குடித்துவிட்டு, போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“நோன்பு வருது பாபி. வீட்ல ஒரே அழுக. இந்த வருஷம் தனிச் சட்டிக்கு வேலை இல்லன்னு.”

“இன்னா தனிச் சட்டி பாய்?”

“உங்களுக்குத் தெரியாதா? நோன்புக் கஞ்சிக்கு நாங்க தேங்காப்பால் ஊத்துவோம்ல? தோஸ்துக்கு ஆகாதுன்னு, தேங்காப்பால் ஊத்தாம ஒரு சின்னச் சட்டியில தனியா காச்சுவா. அதத்தான் உங்க வீட்டுக்கு அனுப்பறது. நோன்பு வெச்சுக்கினு, ருசி பாக்காம, அதையும் தனியா காச்சறது பேஜார்தான். ஆனா ஒரு வருஷம்கூட விட்டதில்ல.”

எனக்குத் தெரியாது. அந்தக் கஞ்சியை நானும் ஒன்பது வருஷம் குடித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கஞ்சியே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பாய் கைகளைப் பிசைந்துகொண்டார். “இன்னொண்ணு பாபி. எனக்கும் போன மாசம் செக் பண்ணாங்க. கொழுப்பு ஜாஸ்தியாம். டாக்டர் தேங்காய கம்மி பண்ணுன்னாரு. நான் மொத்தமா நிறுத்திடலாம்னு பாக்கறேன். தோஸ்த் எப்பவும் சொல்வான், ‘என் வீட்டுக்காரிக்குத் தெரியாததா, அவ சொன்னா சொன்னதுதான்’ன்னு. உங்களக் கேட்டுட்டு நிறுத்தலாம்னுதான் வந்தேன்.”

பழைய ஆலோசனை அறையில் என்றால் ‘நிறுத்திடுங்க பாய்’ என்று சொல்லி முடித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நிறுத்து என்றால் நிறுத்திவிடுகிற இன்னொரு மனுஷன்.

“நிறுத்தாதீங்க பாய். டாக்டர் சொன்ன மாதிரி கம்மி பண்ணிக்கினா போதும்,” என்றேன். பேச்சை அதோடு நிறுத்த முடியவில்லை, மற்றதும் வந்துவிட்டது. “அவருக்கும் அதத்தான் சொன்னாங்க. நான்தான் கூடாதுன்னு மாத்திச் சொன்னேன்.”

பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டவர் வாசலில் நின்றார். “என் வீட்ல மட்டும் இத சொல்லிடாதீங்க பாபி. ஒம்போது வருஷம் காச்சியிருக்கா. தாங்க மாட்டா.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நோன்பு முதல் நாள் சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பாயின் மனைவியே வந்திருந்தார், கையில் தூக்குவாளி. அதுவரை யார் கையிலாவது கொடுத்துதான் அனுப்புவார். “தோஸ்த் இல்லன்னு நிறுத்த மனசு வரல பாபி. தனிச் சட்டியிலதான் காச்சினேன். ஒரு சொட்டு தேங்காப்பால் படல, தைரியமா சாப்டுங்க” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அவர் என்ன சொல்லியும் என் அழுகை நிற்கவில்லை. எதற்காக என்று அவருக்குத் தெரியாது. அந்த மாசம் முழுக்கத் தினமும் தூக்குவாளி வந்தது. ஒரு நாள்கூட மீதி வைக்காமல் குடித்து, வாளியைக் கழுவி வைத்தேன்.